தகப்பன் பிறந்த இடம்: இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் மலையக மக்களும்

தம்புள்ளையிலிருந்து மாத்தளை நோக்கி ஏறும் ஏ9 வீதியில் நாவுல ஒரு சிறு நகரம். இங்கிருந்து எலஹெரவுக்கு ஒரு வீதி பிரிகிறது. தெற்கே கொஞ்சத் தூரத்தில் நாலந்தா. சுற்றிலும் பெரும்பாலும் சிங்கள விவசாயக் கிராமங்கள். மலையகத் தமிழர் கதையைச் சொல்கிறவர்கள் ஹட்டனையும் நுவரெலியாவையும் பதுளையையும் சொல்வார்கள், நாவுலவைச் சொல்வதில்லை. ஆனால் அந்த மக்களின் மூதாதையர் இவ்வழியாகத்தான் நடந்து வந்தார்கள். தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில், அரிப்பிலும் அதையண்டிய துறைகளிலும் இறங்கியவர்கள் காட்டுப் பாதையில் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து மாத்தளையை அடைந்தார்கள். இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியோரம் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். அதற்குள் கோப்பித் தோட்டங்கள் ஒரு தலைமுறையைக் கண்டு முடித்திருந்தன.

2023இல், மலையகத்துக்கு மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்த அந்த நடையில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் காணி, வீடு, சம்பளம், சமமான குடிமக்களாக நடத்தப்படுதல் என்பவை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இலங்கைப் பிரஜைகள். அப்படியிருந்தும் சமத்துவத்தைக் கேட்டு நடக்க வேண்டியிருந்தது ஏன் என்பதற்கு விடை, இந்த நாட்டில் பிரஜாவுரிமை எப்படிக் கொடுக்கப்பட்டது, எப்படிப் பறிக்கப்பட்டது, எப்படித் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்ற வரலாற்றில் இருக்கிறது.

உலகத்துச் சட்டங்கள் ஒருவரைத் தம் நாட்டவராக ஏற்க இரண்டு அளவுகோல்களைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. ஒன்று, எந்த மண்ணில் பிறந்தாய். மற்றது, யாருக்குப் பிறந்தாய். இரண்டிலும் சேராதவர்களுக்காகப் பதிவு என்ற மூன்றாவது வழி இருக்கும். அமெரிக்கா தன் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தில், 1868இல், முதல் அளவுகோலை எழுதிவைத்தது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளை இனி யாரும் அந்நியர் என்று சொல்லக்கூடாது என்பதே அதன் நோக்கம். பிரித்தானியப் பேரரசிலும் மண்தான் அளவு. அரசரின் ஆட்சிக்குட்பட்ட எந்த இடத்தில் பிறந்தாலும் அவர் அரசரின் பிரஜை. அதனால் 1948க்கு முன்பு, திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளியும், நாவுலவில் வயல் உழுத கண்டிச் சிங்களவரும் சட்டத்தின் முன் ஒரே வகை ஆட்கள்.

வேறுபாடு அரசியலில் இருந்தது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தபோதே, தோட்டத் தமிழருக்கு மட்டும் நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்கும் நிபந்தனை போடப்பட்டது. கண்டிச் சிங்களத் தலைவர்களின் அச்சம் அதன் பின்னால் இருந்தது. அந்த அச்சத்தை வெறும் இனவாதம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியதாக்கியது; அவை தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டன. எட்டே ஆண்டில், 1848இல், மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. கிராமத்தவரின் இழப்பு உண்மையானது. ஆனால் அந்தக் காணியை எடுத்தவர் தோட்டத் தொழிலாளி அல்லர். அவருக்கு ஒரு லயத்துக் காம்பராவுக்கு மேல் அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. கிராமத்தானிடம் பத்திரம் கேட்டுக் காணியைப் பறித்த அதே முறையில், நூறு ஆண்டு கழித்துச் சுதந்திர நாடு தொழிலாளியிடம் பத்திரம் கேட்டு நாட்டைப் பறித்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தியர் என்ற சொல்லோ தமிழர் என்ற சொல்லோ கிடையாது. பிரஜையாவதற்கு வம்சாவளி, பதிவு என்று இரண்டு வழிகளை மட்டும் அது திறந்துவைத்தது. அந்தத் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தத் திகதிக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு, பிறக்கும்போது தகப்பன் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவே இல்லை. தாய் தகப்பன் முறைப்படி மணமாகாதவர்களாக இருந்தால் மட்டும் தாயின் நிலை கணக்கில் வரும்.

இதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். 1918இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஒருவர், தன் தகப்பனும் இங்கேயே பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். தகப்பன் 1890 அளவில் பிறந்திருப்பார். இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமானது 1897இல்தான். அதற்கு முன் பிறந்த ஏழைக்கு எங்கே சான்றிதழ் இருக்கும்? தகப்பன் ஊரில், இந்தியாவில், பிறந்தவராயிருந்தால் கேள்வியே முடிந்துவிட்டது. பிள்ளை முப்பது ஆண்டு இந்த மண்ணை விட்டு நகராதவராயிருந்தாலும் அவர் பிரஜை அல்லர்.

நாவுலவின் விவசாயியிடமும் அந்தக் காகிதம் இருந்திருக்காது. சட்டம் எழுத்தளவில் அவரிடமும் அதையேதான் கேட்டது. ஆனால் அவரிடம் போய் யாரும் கேட்கவில்லை. பெயரையும் ஊரையும் பார்த்தே அவர் இந்நாட்டவர் என்று உத்தியோகத்தர் எடுத்துக்கொண்டார். தொழிலாளியின் பெயரையும் தோட்டத்தையும் பார்த்தே அவர் இந்நாட்டவர் அல்லர் என்று எடுத்துக்கொண்டார். பொதுவாக எழுதப்பட்ட சட்டம் ஓர் இனத்தை மட்டும் தாக்கியது இப்படித்தான். நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதிலேயே பிரஜாவுரிமைச் சட்டத்தின் முழு வலிமையும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அது ஒன்றைத்தான்.

அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. பெற்றோர் யாரென்றே அறிய முடியாதபடி கைவிடப்பட்டு, இலங்கையில் கண்டெடுக்கப்படும் பச்சைக் குழந்தை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, வம்சாவளிப் பிரஜையாகவே கருதப்படும் என்கிறது ஏழாம் பிரிவு. நல்ல பிரிவு, மனிதத்தன்மை உள்ள பிரிவு. அங்கே நிரூபிக்கும் சுமை அரசின் மேல் இருக்கிறது. ஆனால் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். லயத்தில், தாய் தகப்பன் பெயரோடு, தோட்டத்துப் பதிவில் ஏறிய பிள்ளைக்கு நாடு இல்லை. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைக்கு நாடு உண்டு. தகப்பனை அறிந்திருந்ததே அந்தப் பிள்ளைகளுக்குக் குற்றமாயிற்று.

பதிவு என்ற வழி எப்படி இருந்தது? நாட்டுக்குச் சிறந்த பொதுப்பணி ஆற்றியவர்களை அமைச்சர் ஆண்டுக்கு 25 பேர் வரை பதியலாம் என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். கொழுந்து பறிப்பவருக்கு அந்தக் கதவு பயன்படாது. தோட்டத்தவருக்கென வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியும் பிள்ளைகளும் இங்கே வாழ்ந்ததற்குத் தனிக் கணக்குக் காட்ட வேண்டும். பிள்ளைப்பேற்றுக்கும் காதுகுத்துக்கும் ஊருக்குப் போய்த் தங்கிவிட்டு வருவது சாதாரணமாயிருந்த குடும்பங்களுக்கு இதெல்லாம் பொறிகள். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம். 1951 ஓகஸ்ட் 5இல் முடிந்தது. இலங்கை இந்தியர் காங்கிரஸ் சட்டத்தை முதலில் புறக்கணித்துவிட்டுப் பிறகு மனம் மாறியதால், விண்ணப்பங்கள் கடைசிக் காலத்தில் மலையாகக் குவிந்தன. ஏறத்தாழ 825,000 பேருக்காக 237,000 விண்ணப்பங்கள். ஆண்டுக் கணக்கில் நடந்த விசாரணைகளின் முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 134,000 பேர். ஆறில் ஒருவர்.

அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. இனிப் பிரஜைகளுக்கே வாக்கு. 1947 பொதுத் தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமானையும் கே. இராஜலிங்கத்தையும் சி.வி. வேலுப்பிள்ளையையும் இன்னும் சிலரையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளை வெல்லவைத்த மக்கள், 1952 தேர்தலில் வாக்காளர் பட்டியலிலிருந்தே காணாமற்போனார்கள். தோட்டத் தொழிலாளர் சார்பில் ஒருவரும் அந்த நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. இவர்களின் தலைகளையும் எண்ணித்தான் மலைநாட்டுத் தொகுதிகள் வகுக்கப்பட்டிருந்தன. எண்ணப்பட்டவர்கள் ஒரு சாரார், வாக்களித்தவர்கள் மறுசாரார். தொண்டமான் மறுபடியும் மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் போனது 1977இல்.

தமிழ்த் தலைமையும் இதில் இரண்டுபட்டது. 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி. பொன்னம்பலம் சில வாரங்களில் அமைச்சரவையில் சேர்ந்தார்; 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தன்னுடைய மக்களுக்கு நாளை மொழியின் பேரால் இதேதான் நடக்கும் என்று அவர் கண்ட தூரப்பார்வைக்கு 1956இன் தனிச் சிங்களச் சட்டம் சான்றாயிற்று.

நீதிமன்றம் என்ன செய்தது? சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் ஊறு விளைவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்று தடுத்திருந்தது. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதியில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்ட கொடக்கன் பிள்ளையின் வழக்கு இந்தப் பிரிவை நம்பித் தொடுக்கப்பட்டது. பட்டியலைத் திருத்தும் அதிகாரி அவருக்குச் சார்பாகவே முடிவு செய்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதைத் தள்ளியது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் அந்தத் தள்ளுபடியை உறுதிசெய்தது. தன் குடிமக்கள் யாரென்று தீர்மானிப்பது எந்த நாட்டின் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரம் என்பது அதன் நியாயம். வந்து போகும் வழக்கமுள்ள ஒரு மக்கள் கூட்டத்தை அந்த நோக்கில் பார்ப்பதும் தவறல்ல என்றது. சட்டத்தின் சொற்களை மட்டும் பார்த்து அது சொன்ன தீர்ப்பு, யாரை அந்தச் சட்டம் வெளியே தள்ளியது என்ற எண்ணிக்கையைப் பார்க்க மறுத்தது. சிறுபான்மையினருக்கு அரசியலமைப்பில் எழுதிவைத்த பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதை இந்நாடு முதன்முதலில் அறிந்தது அப்போதுதான்.

இங்கே ஒரு திகதி ஒற்றுமையைச் சொல்லாமல் போக முடியவில்லை. இலங்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்து 25ஆம் நாள், 1948 டிசம்பர் 10இல், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு, அதை எவரிடமிருந்தும் தான்தோன்றித்தனமாகப் பறிக்கக்கூடாது என்கிறது அதன் 15ஆம் உறுப்புரை. பிறகு வந்த இரு உடன்படிக்கைகள், நாடற்றவர்களின் நிலை பற்றிய 1954ஆம் ஆண்டினதும், நாடற்ற நிலையைக் குறைப்பது பற்றிய 1961ஆம் ஆண்டினதும், இதை மேலும் விரித்தன. தன் மண்ணில் பிறந்து வேறு நாடில்லாது போகும் பிள்ளைக்கு அந்த நாடே உரிமை தர வேண்டும் என்பது 1961 உடன்படிக்கையின் உயிர்நாடி. இரண்டிலும் இலங்கை சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை.

சேராத அந்த இரண்டு நாடுகளும் தங்களுக்குள் ஒரு கணக்கைப் போட்டன. 1954இன் நேரு–கொத்தலாவல உடன்பாடு பெரிதாக எதையும் தீர்க்கவில்லை. 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 975,000 பேர். இவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம், பதினைந்து ஆண்டில் எல்லாம் முடிய வேண்டும். அந்த மீதியையும் 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ஏழுக்கு நான்கு என்று விகிதம் வகுத்தது. ஏழு பேர் அந்தப் பக்கம், நான்கு பேர் இந்தப் பக்கம். யாருடைய வாழ்க்கை இப்படிப் பங்கிடப்பட்டதோ அவர்களிடம் ஒப்பந்தத்துக்கு முன் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

விண்ணப்பம் தனித்தனியாகப் போனதால் ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதியிருப்பார், தம்பி பிரஜாவுரிமைக்கு எழுதியிருப்பார். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாக, 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழ, 1977இல் இன வன்செயல் வர, போவதா இருப்பதா என்று தயங்கியவர்கள்கூடப் புறப்பட்டார்கள். தலைமன்னார்க் கோச்சியில் ஏறி, இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். பிறகு பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் இன்னும் அதிகம். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. 1969இல் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கியாக ரெப்கோ வந்தது. அங்கே அவர்களை இன்றும் சிலோன்காரர் என்கிறார்கள். இங்கே இருந்தபோது இந்தியாக்காரர், கள்ளத்தோணி. 1946 குடிசன மதிப்பில் நாட்டு மக்களில் ஏறத்தாழ 12 வீதமாயிருந்த இந்திய வம்சாவளித் தமிழர், 1981இல் ஐந்தரை வீதமளவுக்கு இறங்கினார்கள்.

வன்செயலுக்குத் தப்பி வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் ஒரு பகுதியினர். தாத்தா தெற்கு நோக்கி நடந்து வந்த திசைக்கு எதிராகப் பேரன் போனான். அவர்களில் பலர் கையில் எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டப்படி அடையாள அட்டை பிரஜைகளுக்கே உரியது. போர் மூண்டபின் சோதனைச் சாவடியில் அட்டையில்லாத தமிழனின் நிலை எப்படியிருந்திருக்கும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

1978 அரசியலமைப்பு இந்த விடயத்தில் இரண்டு நல்ல காரியங்களைச் செய்தது. 26ஆம் உறுப்புரை, வம்சாவளிப் பிரஜைக்கும் பதிவுப் பிரஜைக்கும் எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டக்கூடாது என்றது. 14ஆம் உறுப்புரை, வேறெந்த நாட்டின் பிரஜையும் அல்லாமல் சட்டப்படி நிரந்தரமாக இங்கே வாழ்ந்தவர்களுக்கும் பேச்சு, கூடல், தொழிற்சங்கம் போன்ற சுதந்திரங்களைப் பத்து ஆண்டுக்குக் கொடுத்தது. உரிமைக்கு ஒரு காலக்கெடு! அந்தப் பத்து ஆண்டில் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தது.

செய்யவைத்தது தொழிலாளர்தான். 1986 தைப்பொங்கல் நாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஒரு பிரார்த்தனைப் போராட்டத்தைத் தொடங்கியது. வேலைக்குப் போகும் முன் கோயிலில் கூடி அரை நாள் பிரார்த்தனை, பிறகே வேலை. கொழுந்து எடுக்கும் கை நின்றால் அந்நியச் செலாவணி நின்றுவிடும் என்பது ஜே.ஆர். ஜயவர்த்தன அரசுக்குத் தெரியும். அந்த ஆண்டே 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, எந்தப் பக்கமும் விண்ணப்பிக்காமல் விடுபட்ட 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை கொடுக்க வழி செய்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத இந்திய வம்சாவளியினர் ஒரு சத்தியக் கடதாசியைக் கொடுத்தால் போதும் என்றது. நாற்பது ஆண்டாகத் தொழிலாளி தூக்கிச் சுமந்த நிரூபணச் சுமையை அரசு முதன்முதலாகக் கொஞ்சம் இறக்கிவைத்தது அப்போதுதான். ஜனாதிபதித் தேர்தல் நடந்த ஆண்டு அது என்பதையும் மறக்கக்கூடாது. வாக்கைப் பறிக்கவே பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். வாக்கு தேவைப்பட்டபோது திருப்பிக் கொடுத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் மிச்சம் இருந்தது. இந்தியாவுக்கென்று பதிந்துவிட்டுக் கப்பல் நின்றுபோனதால் இங்கேயே தங்கியவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இவர்களுக்காக வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரஜைகள். நாடற்றவராயிருந்தால் பொதுப் பிரகடனம் ஒன்று, இந்தியப் பாஸ்போட் இருந்தால் விசேட பிரகடனம் ஒன்று, கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். ஐ.நா. அகதிகள் தாபனமும் குடிவரவுத் திணைக்களமும் தொழிற்சங்கங்களும் தோட்டந்தோட்டமாக முகாம் வைத்ததில் பத்து நாளில் 190,000க்கும் மேற்பட்டவர்கள் பதிந்தார்கள். நாடற்ற நிலையை ஒழித்ததற்கு உலகம் காட்டும் நல்ல உதாரணங்களில் இதுவும் ஒன்று. ஐந்து ஆண்டு கழித்து, 2008இல், இங்கே தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினருக்கும் இதே முறையில் சட்டம் வந்தது. 1948இல் முடியாது என்று சொன்னது முடியக்கூடியதுதான் என்று பத்து நாளில் தெரிந்துவிட்டது. இடையில் போனது ஐம்பத்தைந்து ஆண்டு.

அதே 2003இல் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் வந்தது. என் மதிப்பீட்டில் அது முந்தியதற்குக் குறையாத பெரிய மாற்றம். இனித் தாய் தகப்பன் இருவரில் யார் பிரஜையாக இருந்தாலும் பிள்ளை பிரஜை. அதற்கு முன், பிரஜாவுரிமை பெற்ற ஒரு பெண் நாடற்ற ஒருவரை முறைப்படி மணந்தால், பிள்ளைகள் தகப்பனோடு சேர்ந்து நாடற்றவர்களானார்கள். மலையகத்தில் நாடற்ற நிலை தலைமுறை தாண்டி இறங்கிக்கொண்டே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெண்ணின் நாட்டுரிமையைப் பாதியாக வைத்திருந்த சட்டத்தைத் திருத்த ஐம்பத்தைந்து ஆண்டு ஆயிற்று என்பதை மலையகப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்க முடியாது. வெளிநாட்டவரை மணந்த கொழும்புப் பெண்ணும் இதே வேலிக்குள் நின்றாள்.

இழப்பின் கதை வேறு. இன்று இலங்கையர் ஒருவர் பிரஜாவுரிமையை இழக்கப் பெரும்பாலும் தானே காரணமாவார்: தானாகத் துறப்பது, அல்லது வேறு நாட்டுரிமையை விரும்பிப் பெறுவது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் குடியுரிமை எடுத்த ஈழத்தமிழர் பலர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தது இப்படித்தான். 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தம் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. ஆனால் அது அமைச்சரின் அனுமதிக்கும் பெருந்தொகைக் கட்டணத்துக்கும் உட்பட்டது. இரட்டைப் பிரஜைகள் நாடாளுமன்றத்தில் இருக்கலாமா என்பதில் நாடு தடுமாறியபடியே இருக்கிறது. 2015இன் 19ஆவது திருத்தம் கூடாது என்றது, 2020இன் 20ஆவது கூடும் என்றது, 2022இன் 21ஆவது மறுபடியும் கூடாது என்றது. கீதா குமாரசிங்க 2017இலும், டயானா கமகே 2024 மே மாதத்திலும், நீதிமன்றத் தீர்ப்பால் ஆசனம் இழந்தார்கள். பத்திரிகைகள் பிரஜாவுரிமை என்றால் இந்த வழக்குகளைத்தான் பக்கம் பக்கமாக எழுதின. அது எனக்கு வருத்தம். இரண்டு நாடு உள்ளவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம், ஒரு நாடும் இல்லாதிருந்தவர்களைப் பற்றி அதில் பத்திலொரு பங்கும் எழுதவில்லை.

உலகம் மண்ணை விட்டு வம்சாவளியின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. பிரித்தானியா 1983 ஜனவரி 1 முதல், தன் மண்ணில் பிறந்ததை மட்டும் வைத்து உரிமை கொடுப்பதை நிறுத்தியது. மியன்மார் தன் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1823க்கு முன்பே குடியிருந்த இனங்களுக்கு முதலிடம் கொடுத்தது. ரோஹிங்கியாக்கள் மட்டுமன்றி, பர்மாவில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழரும் அந்தச் சட்டத்தால் இரண்டாந்தரமானார்கள். இந்தியாவில் 1987 ஜூலை 1 வரை, அந்த மண்ணில் பிறந்தவர் யாராயினும் இந்தியர். அதன்பின் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது.

இந்தத் திகதிகள் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருக்கும் நம்மவர்களின் தலையெழுத்து. 1983 இன வன்செயலுக்குப் பின் படகேறியவர்களில் மலையக வம்சாவளியினரும் ஏராளம். சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க வேண்டியவர்களின் பிள்ளைகள் அவர்களில் உண்டு. விசா இல்லாமல் வந்ததால் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் ஆனார்கள். தங்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று அவர்களில் ஒரு பகுதியினர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் அவர்களின் கோரிக்கையை இரக்கத்தோடு பரிசீலிக்கச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றது. இலங்கை அதில் இல்லை. 2021இல் முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, உள்ளே இருப்பவர்களின் சட்ட நிலை மாறவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் அதே நீதிமன்றம் வழி திறந்தது. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால் பிறப்பாலேயே அவர் இந்தியர், பாஸ்போட் கொடுங்கள் என்றது. அந்தத் திகதிக்குப் பின் முகாமில் பிறந்த தம்பி தங்கைகள் யாருக்கும் அந்தத் தீர்ப்பு உதவாது.

அந்தப் பிள்ளைகள் இலங்கைக்குத் திரும்பினால்? வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. தவறினால் அமைச்சர் அவகாசத்தை நீட்டலாம், தாமதத்துக்குத் தண்டப்பணம். பதிய வேண்டுமானால் தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜை என்று காட்ட வேண்டும். மலையகப் பெற்றோருக்கு அது 1964 வரை பின்னோக்கிப் போகும் கேள்வி. போரினால் வெளியேறி இந்தியாவில் இருப்பவர்களுக்கு இங்கே வாழ்ந்த நிபந்தனையைத் தளர்த்தி 2009இல் ஒரு திருத்தம் வந்தது. சட்டத்தின் மனம் இளகியிருக்கிறது, உண்மை. ஆனால் படகில் வந்தவர் கையில் என்ன இருக்கும்? தோட்டத்துப் பதிவில் ஒரு விதமாகவும் பிரஜாவுரிமைப் பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட தகப்பன் பெயர், அல்லது அதுவும் இல்லை.

இங்கேயே இருந்து பிரஜைகளானவர்களுக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்கு வேலை செய்யத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். வாக்கு கிடைத்த பிறகும் முப்பது ஆண்டு, தோட்டத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் போடச் சபைக்கு அதிகாரமில்லை. பிரஜாவுரிமைப் பத்திரத்தோடு மற்ற உரிமைகளும் தாமாக வந்துவிடும் என்பதை மலையகத்தின் அனுபவம் பொய்யாக்கியிருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சட்டத்தால் பெற வேண்டியிருந்தது.

பிரஜாவுரிமைச் சட்டத்தில் இன்னும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அது பெரிய வேலையும் அல்ல. 1986, 1988, 2003, 2009 என்று வந்த சட்டங்கள் எல்லாம் குறிப்பிட்ட மக்களுக்கு, குறிப்பிட்ட திகதிகளை வைத்துக் கொடுக்கப்பட்டவை. 1948ஆம் ஆண்டின் அடிப்படை விதி அப்படியேதான் நிற்கிறது: இலங்கை மண்ணில் பிறந்தது ஒரு பிள்ளைக்கு எந்த உரிமையையும் தருவதில்லை. நாளை வேறொரு கூட்டம், இங்கே அடைக்கலம் தேடி வந்தவர்களின் பிள்ளைகளாகவோ பதிவு தொலைந்த பெற்றோரின் பிள்ளைகளாகவோ, அதே இடத்தில் நிற்க நேர்ந்தால், மறுபடியும் ஒரு விசேட சட்டத்துக்கு அவர்கள் ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். கண்டெடுத்த குழந்தையைப் பற்றிய ஏழாம் பிரிவு ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வேறெந்த நாட்டின் உரிமையையும் பெறாதவராய் இலங்கையில் பிறக்கும் எந்தப் பிள்ளையும், மாறாக அரசு நிரூபிக்கும் வரை, இலங்கைப் பிரஜையே என்று அந்தப் பிரிவை விரிப்பதற்கு ஒரு வாக்கியம் போதும். 1961 உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவும் அதற்குப் பிறகு பெரிய தடை ஒன்றும் இராது.